சோம்பேறிகளுக்கான நற்செய்தி

கிருபை என்கிற சொல்லைத் தேடிக்கொண்டு பட்டினப்பாக்கத்தில் எங்கேயும் போக வேண்டியதில்லை. ஆட்டோ முதுகில் எழுதியிருக்கும். மளிகைக் கடைக் காலண்டரில் இருக்கும். ஹவுசிங்போர்டு படியேறினால் மூணு வீட்டுக்கு ஒரு வீட்டுக் கதவில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். "எப்படிக் கீறே?" என்று கேட்டால் "கர்த்தரு கிருபையில நல்லாக் கீறேன்" என்று பதில் வரும். சொல்கிறவளுக்கு முட்டிவலி. வட்டிக்காரன் காலையில்தான் வந்து கத்திவிட்டுப் போயிருப்பான். இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாள்.

கிருபை என்றால் இலவசம். உழைத்து வாங்கினால் அது கூலி. உழைக்காமல், தகுதி பார்க்காமல் கொடுக்கப்படுவது கிருபை. கத்தோலிக்கர்கள் அருள் என்பார்கள். நோன்பாலும் காணிக்கையாலும் நல்ல நடத்தையாலும் கடவுளிடம் எதையும் விலைக்கு வாங்க முடியாது, அவரே தருகிறார், நம்பி வாங்கிக்கொண்டு இளைப்பாறு என்பதுதான் இதன் சாரம். பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் வாதாடுவது இதைத்தான்.

இந்தப் பேச்சு நம்ம ஜனங்களின் காதில் முதன்முதலாக விழுந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போன பிறவியில் செய்த பாவத்தால் இந்தச் சாதியில் பிறந்தாய், இந்தப் பிறவியில் வாயை மூடிக்கொண்டு பண்ணையில் முதுகொடிந்தால் அடுத்த பிறவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு நோட்டை நம்ம தலையில் கட்டியிருந்தார்கள். கிருபை என்கிற சொல் அந்த நோட்டைக் கிழித்துப் போட்டது. உன் பிறப்பும் கணக்கில் இல்லை, உன் புண்ணியமும் கணக்கில் இல்லை, நீ இருக்கிறபடியே வா என்றது. சோத்துக்காக மதம் மாறினார்கள் என்று நம்ம பாட்டன் பாட்டிகளைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான்: சோறும் வேண்டியிருந்தது, இதுவும் வேண்டியிருந்தது.

அப்படிக் கிழித்த நோட்டை ஒட்டவைத்து மறுபடியும் நம்ம கையில் கொடுத்தது யார்? அதைப் பேசத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு எங்க அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

அம்மா செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரியிலிருந்து கல்யாணமாகி பட்டினப்பாக்கம் வந்தவள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். மந்தைவெளியிலும் ராஜா அண்ணாமலைபுரத்திலும் நாலு வீட்டில் பாத்திரம், துணி, வீடு பெருக்கித் துடைக்கிற வேலை. விடியற்காலையில் குடத்தைத் தூக்கினால் ராத்திரி பத்துக்குத்தான் உடம்பு தரையில் படும். ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது. அன்றைக்கு அந்த வீடுகளில் எல்லாரும் இருப்பார்கள், பாத்திரம் இரண்டு மடங்கு விழும். அந்த வீடுகளில் ஒன்று கிறிஸ்தவ வீடு. அவர்கள் காலை ஆராதனைக்குப் போய்வந்து சாப்பிட்ட தட்டுகளை அம்மா கழுவிப்போட்டுவிட்டு, தன் சபைக்குச் சாயங்காலக் கூட்டத்துக்கு ஓடுவாள்.

சபையிலும் அவளுக்கு வேலைதான். சனிக்கிழமை ராத்திரி ஹாலைப் பெருக்கி, தண்ணி தெளித்து, பாய் விரித்து வைக்க வேண்டும். அதற்குப் பெயர் ஊழியம், கூலி கிடையாது. வெள்ளிக்கிழமை உபவாசம். மாசத்தில் ஒரு நாள் முழு இரவு ஜெபம். சம்பளத்தில் பத்தில் ஒரு பாகம் காணிக்கை. நாலு வீட்டு வேலைக்கு மேல் ஐந்தாவது வீடாகச் சபையும் இருந்தது.

தம்பிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்தில் இரண்டு நாள் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். கூடப்போக ஆள் வேண்டும், நானும் அம்மாவும் மாறி மாறிப் போனோம். சபைப் போதகர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டு, "விசுவாசம் பத்தல சிஸ்டர். நாப்பது நாள் உபவாசம் எடுங்க, கர்த்தர் அற்புதம் செய்வார்" என்றார். அம்மா எடுத்தாள். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படாமல் நாலு வீட்டு வேலை, ராத்திரி ஒருவேளைச் சோறு.

முப்பத்தோராம் நாள், இரண்டாவது வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டம்மா பயந்துபோய் ஒரு டீ போட்டுக் கொடுத்தார்கள். துவைக்கிற கல் பக்கத்து ஜன்னலில் அவளுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிற டம்ளரில்தான். அம்மா குடித்தாள்.

அதற்கப்புறம் இரண்டு வாரத்தில் தம்பி செத்துப்போனான். அவனுக்கு 24 வயசு.

பிணத்தை வைத்துக்கொண்டு எல்லாரும் ஒப்பாரி வைக்கும்போது அம்மா ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்த டீயக் குடிச்சிட்டேனே." பதினாறு முடிந்தது, மாசம் மூணு ஆனது, அதையேதான் சொன்னாள். அந்த டம்ளரைப் பிரித்து வைத்த சாதியின் மேல் அவளுக்குக் கோபமில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்கு வழியில்லாத ஏழ்மையின் மேல் கோபமில்லை. எல்லாப் பழியும் அந்த ஒரு டம்ளர் டீயின் மேல் வந்து நின்றது. போதகர் ஆறுதல் சொல்ல வந்தவர், "குறை எங்கன்னு நம்மள நாமே ஆராய்ஞ்சு பாக்கணும்" என்று முடித்துவிட்டுப் போனார்.

பெரியம்மா வந்துதான் அதை உடைத்தாள். மாநகராட்சியில் தெருக்கூட்டி ஓய்வு பெற்றவள், கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயில் பக்கம் போகிறவள். அம்மா எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "இன்னாடி பேசிக்கினு கீறே? ஒரு டம்ளர் டீக்குப் பதிலா புள்ளைய எட்துக்கினு போறவன் சாமியாடி? வட்டிக்காரன்டி அவன். எங்கப்பன் கும்புட்ட ஏசு அவன் இல்ல."

வேதாகமக் கல்லூரிகளில் மாசக்கணக்கில் சொல்லித் தருவதைப் பெரியம்மா அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டாள்.

பெரியம்மா சொன்னதற்கு வேதத்திலேயே இடம் இருக்கிறது. லூக்கா 13ஆம் அதிகாரத்தில், சீலோவாம் என்கிற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசுகிறார். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அந்த 18 பேர் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். மனந்திரும்பும்படி உயிரோடு இருக்கிறவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறார். செத்தவன் தலையில் பழி போடுகிற கணக்கை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்க பகுதிக்கு இந்த அதிகாரம் 2004லேயே தேவைப்பட்டது. அந்த வருஷம் டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அடையாறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிற சீனிவாசபுரத்துக்குள் கடல் புகுந்தது. குடிசைகள் போயின, உயிர்களும் போயின. வடக்கே கொஞ்ச தூரத்தில் சாந்தோம் பேராலயம் தப்பித்தது. கோயிலுக்குப் பின்னால் நிற்கிற தோமையார் கம்பம்தான் கடலைத் தடுத்தது என்று ஜனங்கள் சொன்னார்கள். நம்புகிறவர்களை நான் கேலி செய்யவில்லை. ஆனால் கம்பத்துக்கு அந்தப் பக்கம் கிருபை என்றால், இந்தப் பக்கம் செத்தவர்களுக்கு என்ன? பாவத்துக்குத் தண்டனை என்று அப்போது பிரசங்கம் பண்ணியவர்களும் உண்டு. கரையோரக் குடிசையில் ஏழைகள் ஏன் இருக்க நேர்ந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் அதே சுனாமிக்குத் தப்பிய தலித்துகளை நிவாரண முகாமில் சேர்க்காமல் ஒதுக்கினார்கள். செத்தவனிடம் பாவக்கணக்கு, பிழைத்தவனிடம் சாதிக்கணக்கு.

கணக்கு கேட்கிற சாமிக்கு அடிமைதான் வேண்டும். இதையும் வேதத்திலேயே பார்க்கலாம். யாத்திராகமம் 5ஆம் அதிகாரம். எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த அடிமைகளுக்காக மோசே போய், மூணு நாள் வனாந்தரத்தில் போய் எங்க கடவுளைக் கும்பிட்டு வர விடு என்று கேட்கிறான். ராஜா சொன்ன பதில், இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் இப்படிக் கேட்கிறார்கள் என்பது. அதோடு விடவில்லை. செங்கலுக்குப் போடுகிற வைக்கோலைக் கொடுக்காதே, அவர்களே பொறுக்கிக்கொள்ளட்டும், கல்லின் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது என்று உத்தரவு போட்டான். ஓய்வு கேட்ட அடிமைக்குக் கிடைத்த பட்டம் சோம்பேறி. இந்தப் பட்டத்தை நாம் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறோம், செங்கல் சூளையில் கேட்டிருக்கிறோம், இட ஒதுக்கீடு பற்றிய பேச்சில் இன்றும் கேட்கிறோம். அம்மாவுக்குச் சபையில் கொடுத்த பட்டம் விசுவாசம் பத்தாதவள். இரண்டும் ஒரே பட்டம்தான். வைக்கோல் தர மாட்டேன், கல் மட்டும் குறையக்கூடாது.

அந்த அடிமைகள் வெளியே வந்த பிறகு அவர்களுக்குக் கிடைத்த கட்டளைகளில் ஒன்று ஏழாம் நாள் ஓய்வு. யாத்திராகமத்தில் அதற்குச் சொல்கிற காரணம், கடவுள் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது. உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே, அதனால் ஓய்ந்திரு. நல்லா உழைத்ததற்குப் பரிசாக அந்த நாள் வரவில்லை. நீ இனி அடிமையில்லை என்பதற்கு அடையாளமாக வந்தது. இளைப்பாறுதல் என்று புதிய ஏற்பாடு பேசுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது. வருத்தப்பட்டுச் சுமக்கிறவர்களை இயேசு கூப்பிட்டது இன்னொரு சுமையை ஏற்றிவிட அல்ல.

இந்தச் செய்தி ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அதற்கு அணை கட்டியிருக்கிறார்கள். மார்ட்டின் லூதர் பட்டினி கிடந்து, கண் விழித்து, பாவ அறிக்கை செய்து ஓய்ந்துபோன ஒரு துறவி. கிரியையால் இல்லை, விசுவாசத்தால்தான் என்று அவர் கண்டுகொண்டது ஐரோப்பாவையே புரட்டிப் போட்டது. 1525ல் ஜெர்மன் குடியானவர்கள் அதைத் தங்கள் வயலுக்குக் கொண்டுபோனார்கள். கிறிஸ்து எங்கள் எல்லாரையும் மீட்டிருக்கும்போது நாங்கள் ஏன் பண்ணையடிமைகளாக இருக்க வேண்டும் என்று பன்னிரண்டு கோரிக்கைகளில் ஒன்றாக எழுதினார்கள். அதே லூதர் அவர்களை எதிர்த்து எழுதினார், வெட்டிச் சாய்க்கவும் சொன்னார். ஆத்துமாவுக்கு விடுதலை, உடம்புக்கு நுகத்தடி.

அந்த லூதர் வழியில் வந்த சீகன்பால்கு 1706ல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது. ஆனால் அந்தச் சபையிலும் பறையர் கிறிஸ்தவர்கள் தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1833ல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரில் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சபையைவிட்டு வெளியேறினார்கள். கிருபை இலவசம், அதை வாங்க உட்காருகிற பாய் மட்டும் சாதிக்கொன்று. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலேயே சுவர் எழுப்பினார்கள். செத்த பிறகாவது இளைப்பாறலாம் என்றால் அதற்கும் எல்லை போட்டார்கள்.

அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு சுவர் வைத்திருக்கிறது. 1950ல் குடியரசுத் தலைவர் போட்ட ஆணைப்படி இந்துக்கள் மட்டும்தான் பட்டியல் சாதி. 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றும் வெளியே. எங்கள் சேரிகளில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பது அதனால்தான், சர்டிபிகேட்டில் ஒன்று, சபையில் ஒன்று. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்பது அரசியலமைப்பின் மேல் செய்கிற மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஞானஸ்நானம் வாங்கியதால் சேரி மாறிவிட்டதா, அந்த டம்ளர் ஜன்னலைவிட்டு இறங்கிவிட்டதா என்பதுதான் நம் கேள்வி. தலித் என்று நிரூபி, இந்து என்று நிரூபி, விசுவாசி என்று நிரூபி. நிரூபிப்பதிலேயே நம்ம ஆயுசு போகிறது.

தோழர்கள் சிலர் என்னிடம் சொல்வதுண்டு: "கிருபை, இளைப்பாறுதல் எல்லாம் போராட்டத்தை மழுங்கடிக்கிற சரக்கு." அப்படிப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. குடிசையைப் பிடுங்கிக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றும்போது, "கர்த்தர் பாத்துக்குவார், அமைதியா இருங்க" என்று சொல்கிற ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். அது இளைப்பாறுதல் இல்லை, வாய்ப்பூட்டு.

ஆனால் தோழர்களே, நம்ம பக்கத்திலும் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். எங்க குடும்பத்தில் முதல் பட்டதாரி. மற்றவர்கள் ஒரு தப்பு செய்தால் அது தப்பு, நான் செய்தால் அது என் சாதி. அதனால் ஒரு தடவை பார்க்க வேண்டிய பேரேட்டை மூணு தடவை பார்ப்பேன். காய்ச்சலோடு வேலைக்குப் போவேன். நம்ம கூட்டங்களிலும் மேடையேற்றிக் காட்டுவது யாரை? முதல் மார்க் வாங்கியவளை, கலெக்டர் ஆனவனை. பெயிலானவனுக்கும், சாராயத்தில் விழுந்தவனுக்கும், சும்மா இருக்கிறவனுக்கும் மனுசன் என்கிற மரியாதை உண்டா இல்லையா? நமக்கு அந்த மரியாதை திறமைக்குக் கிடைக்கிற சம்பளமாக இருக்கக் கூடாது, பிறந்ததற்கே கிடைக்க வேண்டும். கிருபை என்று நான் புரிந்துகொண்டது இதைத்தான்.

இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதையில், சாயங்காலம் வரை சந்தையில் நின்றுகொண்டிருந்த கூலியாட்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள் அவர்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, ஒதுக்கப்பட்டவர்கள். கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்த அவர்களுக்கும் முழு நாள் கூலி கிடைக்கிறது. காலையிலிருந்து உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். தகுதி, திறமை என்று இன்றைக்கு நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்களின் முணுமுணுப்புதான் அது. இட ஒதுக்கீட்டை இதைவிட எளிதாக விளக்குகிற கதையை நான் கேட்டதில்லை.

பெரியம்மா பேசிவிட்டுப் போன பிறகு அம்மா உடனே மாறிவிடவில்லை. முதலில் டீயைப் பற்றிப் பேசுவது நின்றது. அப்புறம் வெள்ளிக்கிழமை உபவாசத்தை விட்டாள். ஒரு சனிக்கிழமை ஹாலைப் பெருக்கப் போகவில்லை. ஞாயிறு சாயங்காலம் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். போதகர், "என்ன சிஸ்டர், ஊழியத்துக்கு வரலியே?" என்று கேட்டதற்கு, "பாஸ்டரய்யா, அவரு தறேன்னு சொன்னத வாங்கிக்க வந்துகீறேன். பெருக்குனாத்தான் தருவாருன்னா அது கூலி, எனக்கு வாணாம்" என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வாலிபப் பையன்கள் முறைவைத்துப் பெருக்குகிறார்கள்.

அதோடு அவள் நிற்கவில்லை. வேலை செய்கிற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டாள். இரண்டு வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் மாசத்துக்கு இரண்டு ஞாயிறு என்றார்கள். இன்னொரு வீட்டில், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று கணக்கு முடித்து அனுப்பினார்கள். ஒரு வீட்டுச் சம்பளம் போனது. என் சம்பளம் இருப்பதால் தாங்கிக்கொண்டோம். அது இல்லாத வீட்டில் ஒருத்தி எப்படி இளைப்பாறுவாள்? ஆகவே இது ஜெபத்தோடு முடிகிற விஷயம் இல்லை. விசுவாசம் என்றால் கிரியை எங்கே என்று யாக்கோபு கேட்டதும் சரிதான். கிரியை செய்து கிருபை வாங்க வேண்டாம். வாங்கியவர்கள் அதைத் தெருவுக்குக் கொண்டுவரட்டும்.

எங்க கடற்கரையிலேயே அதற்கு முன்னோடி உண்டு. மீனவர் சமூகத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்பதும் ஓய்வுக்கான சண்டைதான். அது முடிந்துபோன சண்டை இல்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடுகிற மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்த பிறகு அதே ஆண்டு மே தினத்தில் திரும்பப் பெற்றார்கள். வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு உண்டு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011லேயே சொல்லிவிட்டது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

சபைகளுக்கு அந்த உடன்படிக்கைகூடத் தேவையில்லை. உபாகமத்தின் ஓய்வுநாள் கட்டளை யார் யார் ஓய வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. அதில் வேலைக்காரனும் வேலைக்காரியும் இருக்கிறார்கள். அவர்களும் உன்னைப்போலவே ஓய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நம்ம சபைகளில் முன்வரிசை நாற்காலியில் வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் பாயில் வேலைக்குப் போகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இளைப்பாறுதல் பற்றிப் பிரசங்கம் கேட்டு முடித்ததும் எழுந்து நின்று ஒன்று கேளுங்கள். இன்றைக்கு மத்தியானம் உங்க வீட்டுப் பாத்திரத்தை யார் கழுவப் போகிறார்கள்?